ஒரே பேனாவில் எழுதிய காய்ச்சல்

எனக்கு இருப்பது ஒரே உடம்பு. அதுவும் முட்டிவலியோடு இழுத்துக்கொண்டு போகிற உடம்பு. ஆனால் போன வைகாசியில் ஒரு புதன்கிழமை அது ஒரே நேரத்தில் மூன்று இடங்களில் இருந்தது. ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு படுத்திருந்தது. என் தம்பியின் கல்யாண மேடையில் பட்டுச்சேலை கட்டி உட்கார்ந்திருந்தது. நான் வேலை பார்த்த பனியன் கம்பெனியில் காலை எட்டரைக்கு வந்து, நான்கு நோட்டுகளில் கையெழுத்துப் போட்டு, சாயங்காலம் ஐந்தரைக்குக் கிளம்பியது. மூன்றுக்கும் ஆதாரம் உண்டு. இரண்டுக்கு முத்திரையே உண்டு. முத்திரை இல்லாத ஒன்றுதான் நிஜம்.

ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் என் பெயரில் இன்னொரு ஆபரேஷன் செய்துவிடுவார்கள். கம்பெனியின் பெயரையும் சொல்லப் போவதில்லை. பதினாறு வருஷம் அங்கே சோறு தின்றிருக்கிறேன்.

முதலில் அந்தச் சோறு எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். முதலிபாளையம் பக்கத்தில் இருந்த அந்தக் கம்பெனியில் நான் ரெக்கார்டு பார்த்தேன். பையர் என்று நாங்கள் சொல்கிற வெளிநாட்டுக் கடைக்காரர்கள் நம்மிடம் குழந்தைச் சட்டை வாங்குவதற்கு முன்னால், அதைத் தைக்கிறவர்கள் சௌக்கியமாக இருக்கிறார்களா என்று பார்த்துவர ஆள் அனுப்புவார்கள். அதற்கு ஆடிட் என்று பெயர். சௌக்கியத்தை யாராலும் ஒரு நாளில் பார்க்க முடியாது, நோட்டில்தான் பார்க்க முடியும். அந்த நோட்டுகளை எழுதுகிறவள் நான். வருகைப் பதிவு, முதலுதவி, தீயணைப்புப் பயிற்சி, குறை கேட்கும் கூட்டம் என்று ஒரு வருஷத்துச் சௌக்கியத்தை மூன்றே நாளில் எழுதி முடித்துவிடுவேன்.

சும்மா எழுதிவிட முடியாது, அதற்கும் கைப்பக்குவம் வேண்டும். நான்கு பேனா வைத்திருப்பேன். ஒரே பேனாவில் பத்து நாள் எழுதினால் ஆடிட்காரர் மூக்கு வேர்த்துவிடும். மாதத்துக்கு இரண்டு அடித்தல் திருத்தல் போடுவேன். ஓரத்தில் பேனா எழுதாமல் கிறுக்கிப் பார்த்த சுழி ஒன்று இருக்கும். ஏதாவது ஒரு பக்கத்தில் டீ டம்ளரை வைத்து எடுப்பேன். டைலர்களிடம் வெற்றுத் தாளில் முன்கூட்டியே கையெழுத்து வாங்கி வைத்திருப்பேன். யாரும் ஏன் என்று கேட்டதில்லை. வாசலில் இருக்கிற கைரேகை மெஷின் ஆடிட்டுக்கு முந்தின வாரம் தவறாமல் ரிப்பேர் ஆகும். "அம்மிணி கை வெச்சா போதுமுங்க, ஆடிட்காரன் டீயக் குடிச்சுட்டுப் போய்ட்டே இருப்பான்" என்று முதலாளி வந்தவர்களிடமெல்லாம் பெருமை பேசுவார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அது பொய் என்று எனக்குத் தோன்றவேயில்லை. ஊரோடு ஒத்து வாழ் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தேன்.

அந்த வாரம் திங்கட்கிழமை எனக்குக் காய்ச்சல் வந்தது. புதன்கிழமை தம்பி கல்யாணம். தம்பிக்கு முப்பத்தெட்டு வயது. எங்கள் பக்கத்தில் இப்போது மாப்பிள்ளைகள் மலிந்து கிடக்கிறார்கள், பெண்தான் கிடைப்பதில்லை. ஒன்பது வருஷம் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்து, உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு புண்ணியவதி சம்மதித்திருந்தாள். அவள் மனசு மாறுவதற்குள் தாலி கட்டியாக வேண்டும். அந்த நேரத்தில் அக்கா காய்ச்சலில் கிடந்தால் என்ன ஆவது? அதனால் வீட்டில் கஷாயம் குடித்துப் பார்க்காமல் நேரே கண்ணாடி முகப்பு வைத்த ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

காய்ச்சல் எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன்னால் அவர்கள் கேட்டது, "இன்சூரன்ஸ் இருக்குதுங்களா?" என்றுதான். இருந்தது. கம்பெனி எடுத்துக் கொடுத்த காப்பீடு, எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் சேர்த்து வருஷத்துக்கு இவ்வளவு என்று. "அட்மிஷன் போட்டுரலாமுங்க" என்றார்கள். ஐந்தாறு தாள்களை நீட்டி, எதுவும் எழுதாத இடங்களில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுக் காட்டினார்கள். நான் கையெழுத்துப் போட்டேன். வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்குவதே என் பிழைப்பு. வாங்கிப் பழகினவளுக்குப் போடுவது தப்பாகத் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானமே காய்ச்சல் விட்டுவிட்டது. இட்லி கேட்டுச் சாப்பிட்டேன். வீட்டுக்கு விடச் சொன்னேன். "ரத்தத்துல பிளேட்லெட் கவுண்ட் இன்னும் ஏறலீங்கக்கா, ரெண்டு நாள் இருங்க" என்றாள் நர்ஸ். விடிந்தால் கல்யாணம் என்று சொன்னதும் உள்ளே போய் யாரிடமோ கேட்டுவிட்டு, முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள். "தாராளமாப் போய்ட்டு வாங்க. பெட்டு அப்படியே இருக்கட்டும், பொழுது விழறதுக்குள்ள வந்துருங்க." எவ்வளவு நல்ல மனசு என்று நெகிழ்ந்துபோனேன். என் கையில் குத்தியிருந்த ஊசிக்குழாயை வளையல் மறைக்கிற மாதிரி பிளாஸ்திரி போட்டுக்கூட அனுப்பினாள்.

அக்கா இல்லாமல் எங்கள் ஊரில் கல்யாணம் நடக்காது. முகூர்த்தத்துக்கு முன்னால் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையோடு கூடப்பிறந்தவள் அலங்காரம் பண்ணிக்கொண்டு மேடையில் அவன் பக்கத்தில் உட்கார வேண்டும். கூறைச்சேலையை வைத்துக்கொண்டு, சடங்குக்கு உரிய பெரியவரான அருமைக்காரர் அந்தச் சீரைச் செய்துவைப்பார். கல்யாணம் ஆனாலும் அக்கா தம்பி உறவு விட்டுப்போகாது என்பதற்கு ஊரறியச் செய்கிற சீர் அது. எண்ணூறு பேர் பார்க்க நான் உட்கார்ந்தேன். போட்டோக்காரர் விடாமல் எடுத்தார். வளையல்களுக்கு நடுவில் அந்த வெள்ளைப் பிளாஸ்திரி ஒவ்வொரு படத்திலும் இருக்கிறது. தம்பி என் காதோரம், "அக்கா, சுடுதா?" என்று கேட்டான். இல்லையென்று சொன்னேன். அன்று எனக்கு உடம்பில் ஒரு நோவும் இல்லை, அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். "நீங்க ஒண்ணும் கட்ட வேண்டாமுங்க, எல்லாம் இன்சூரன்ஸ் பாத்துக்கும்" என்றார்கள். பில்லைப் பார்க்கவே இல்லை. ஓசியில் வந்த சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா என்று யார் பார்ப்பார்கள்?

வெள்ளிக்கிழமை கம்பெனிக்குப் போனால், திங்கட்கிழமை ஆடிட் என்றார்கள். உட்கார்ந்து எழுதினேன். நான் இல்லாத நான்கு நாளுக்கும் நோட்டுகளில் என் கையெழுத்து வேண்டியிருந்தது. லீவில் இருப்பவள் கையெழுத்துப் போட முடியாது. அதனால் நான்கு நாளும் நான் வேலைக்கு வந்திருந்தேன். புதன்கிழமை சும்மா வந்து போகவில்லை. எண்பது டைலர்களுக்குத் தீயணைப்புப் பயிற்சி கொடுத்தேன். எண்பது பேரிடமும் பயிற்சி பெற்றதாகக் கையெழுத்து வாங்கினேன்.

அந்த எண்பதில் சேராமல், கையெழுத்துப் போடாதவள் ஒருத்திதான். தென்காசிப் பக்கத்துக்காரி, என் வயதிருக்கும், பவர் மெஷினில் கழுத்துப்பட்டி தைப்பவள். அந்தப் புதன்கிழமை மெஷின் ஊசி அவளுடைய ஆள்காட்டி விரலில் இறங்கி உள்ளேயே உடைந்துவிட்டது. நான் எழுதிக்கொண்டிருந்த வெள்ளிக்கிழமை, கையில் பெரிய கட்டோடு என்னிடம் வந்து நின்றாள். "அடிபட்ட அன்னைக்கே தேடி வந்தேன், நீங்க இல்ல. நோட்டுல ஒரு வரி எழுதித் தாங்க மேடம். இருந்தா வைத்தியச் செலவும் லீவுச் சம்பளமும் கிடைக்கும்னு சொல்லுதாவ." அந்த மெஷினில் ஊசிக்கு மறைப்புத் தகடு கிடையாது. எழுதினால் ஆடிட் அங்கேயே நின்றுவிடும். முதலுதவி நோட்டில் அந்த நாளுக்கு நேராக, 'காயம் ஏதும் இல்லை' என்று அரைமணி நேரத்துக்கு முன்னால்தான் பச்சை மூடி பேனாவில் எழுதியிருந்தேன். "ரெக்கார்டுல அப்படி ஒண்ணும் இல்லீங்களே" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆடிட்காரர் டீயைக் குடித்துவிட்டுப் போனார். அவள் அடுத்த மாதம் வேறு கம்பெனிக்குப் போய்விட்டாள்.

ஆடி மாதம் என் வீட்டுக்காரருக்குக் குடல் இறங்கிவிட்டது. டெம்போ ஓட்டுகிறவர் அவர். ஓட்டுவதோடு நிற்காமல் துணி ரோல்களை ஏற்றி இறக்கவும் செய்வார். ஒரு ரோலைத் தூக்கும்போது அடிவயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் தூக்க ஆரம்பித்தார். வாய்விட்டு ஒன்றும் சொல்லமாட்டார், முகம் மட்டும் வெளுத்துப்போகும். நாள் கடத்தினால் குடல் சிக்கிக்கொள்ளும், உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொன்னார். வேறொரு ஆஸ்பத்திரிக்குப் போய்க் காப்பீட்டு அட்டையை நீட்டினோம். கவுண்டரில் இருந்த பையன் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு அட்டையைத் திருப்பிக் கொடுத்தான். "இந்த வருசத்துக்கு முடிஞ்சுருச்சுங்க. வைகாசில மேடத்துக்கே பூராவும் எடுத்துருக்காங்க."

இரண்டு நாள் காய்ச்சலுக்கா? எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கே அந்தக் கண்ணாடி முகப்புக்குப் போய், என் கோப்பின் நகலைக் கொடுத்தால்தான் ஆச்சு என்று வாசலில் உட்கார்ந்துவிட்டேன். மூன்று மணி நேரம் கழித்துக் கொடுத்தார்கள்.

இரண்டு நாள் தீவிர சிகிச்சை. ஆக்சிஜன். உடற்பயிற்சி நிபுணர் நான்கு முறை வந்திருக்கிறார். உணவு ஆலோசகர் வந்து எனக்குக் கம்பங்கூழின் நன்மையை எடுத்துச் சொல்லியிருக்கிறார். எங்கள் கம்பெனியின் செக்கிங் செக்‌ஷன் ஒரு மாதம் போட்டுக் கழிக்கிற அளவுக்கு எனக்காகக் கையுறை மாட்டியிருக்கிறார்கள். அதையெல்லாம்கூட விட்டுவிடலாம். என்னை உட்கார வைத்தது காய்ச்சல் குறிப்புத் தாள். புதன்கிழமை முழுக்க, மணிக்கு ஒருதரம் என் காய்ச்சலை அளந்து எழுதியிருந்தார்கள். தம்பி பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்த நேரத்தில் எனக்கு நூற்று மூன்று. பந்தியில் பாயசம் சாப்பிட்ட நேரத்தில் நினைவு தடுமாற்றம். எல்லாம் ஒரே பேனா, ஒரே கை. நான்கு நாளுக்கும் ஒரு அடித்தல் இல்லை, ஒரு சுழி இல்லை. டீக்கறைக்குக்கூட அவர்களுக்குப் பொறுமை இல்லை.

திருடினார்கள் என்ற கோபம் ஒரு பக்கம். இவ்வளவு மட்டமாகவா எழுதுவது என்ற கோபம் இன்னொரு பக்கம். உண்மையைச் சொன்னால் அந்த நிமிஷத்தில் இரண்டாவதுதான் பெரிதாக இருந்தது.

ஆஸ்பத்திரி மேனேஜர் சட்டைப்பையில் மூன்று பேனா வைத்திருந்தார், மூன்றும் நீலம். கல்யாணக் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, நான் கையெழுத்துப் போட்ட தாள்களைத் திருப்பிக் காட்டினார். இப்போது அவை வெற்றுத் தாள்களாக இல்லை. "உங்க கையெழுத்துத்தானுங்களே மேடம்? நீங்க வெளிய போனதா ரெக்கார்டுல இல்லீங்களே" என்றார். அந்த வார்த்தையை எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. கோபத்தில் எங்கே என்று யோசிக்கவில்லை.

காப்பீட்டுக் கம்பெனிக்குப் புகார் எழுதினேன். அந்தக் கணக்கை அவர்கள் ரத்து செய்தால்தான் காப்பீடு திரும்ப வரும், வந்தால்தான் ஆபரேஷன். பத்து நாளில் விசாரணைக்கு ஒருவர் வந்தார். தோளில் பை, கையில் குடை, ரொம்ப மரியாதையான மனிதர். என்னைப் பார்ப்பதற்கு முன்னால் எங்கள் கம்பெனிக்குப் போயிருக்கிறார். முதலாளி பெருமையோடு வருகைப் பதிவேட்டை எடுத்து வைத்திருக்கிறார். அது ஆடிட்டில் பாராட்டு வாங்கிய பதிவேடு.

"ஏனுங்க, நீங்க நாலு நாளும் வேலையில இருந்துருக்கீங்க" என்றார் விசாரணைக்காரர். "அப்ப நீங்க ஆஸ்பத்திரிக்கே போகலைன்னு ஆவுது. ஆஸ்பத்திரிக்காரங்களும் நீங்களும் சேந்து எழுதுன கேஸாட்டத் தெரியுதுங்களே."

திருடனைப் பிடித்துக் கொடுக்கப் போனவளைத் தூணில் கட்டிவைத்த கதையாகிவிட்டது. கல்யாண ஆல்பத்தைக் காட்டினேன். அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார். "இது நீங்கதானுங்களா?" அவரைக் குற்றம் சொல்ல முடியாது. பியூட்டி பார்லர்காரி செய்திருந்த வேலையில் என்னை எனக்கே அடையாளம் தெரியவில்லை. "முத்திரை போட்ட நோட்டு ஒரு பக்கம், போட்டோ ஒரு பக்கம்னா ஆபீஸ்ல நோட்டைத்தானுங்க எடுத்துக்குவாங்க. அந்த நோட்டு தப்புன்னு நீங்க எழுதிக் குடுங்க. அன்னிக்கு உங்களைக் கம்பெனியில பாக்கலைன்னு கூட வேலை செஞ்சவங்க யாராச்சும் ஒருத்தரும் எழுதிக் குடுக்கட்டும். நான் பாத்துக்கறேன்" என்றார்.

முதலாளி என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார். அவர் கெட்டவர் இல்லை. "அம்மிணி, அந்த நோட்டு பொய்யின்னு எழுதிக் குடுத்தீங்கன்னா பையர் போயிருவானுங்க. நூறு குடும்பம் இருக்குது, பாத்துக்கங்க" என்றார். நூறு குடும்பத்தில் என்னுடையதும் ஒன்று என்பதை இருவருமே சொல்லவில்லை.

கூட வேலை செய்தவர்களிடம் போனேன். அன்று நான் அங்கே இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். கல்யாணச் சாப்பாடு எப்படி என்று என்னிடமே கேட்டவர்கள் அவர்கள். ஆனால் எண்பது பேரும் அன்று என்னிடம் தீயை அணைக்கக் கற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். "இல்லைன்னு எழுதுனா எங்க கையெழுத்து பொய்யாயிருமுங்களே மேடம்" என்றாள் ஒருத்தி. நான்தான் அவ்வளவு கெட்டியாகக் கட்டியிருந்தேன். எங்கே பார்த்தாலும் ஒரு ஓட்டை இல்லை.

ஒரே ஒரு நோட்டு மட்டும் நான் எழுதாதது. உடைந்த ஊசி நோட்டு. குழந்தைச் சட்டைக்குள் ஊசித்துண்டு போய்விட்டால் பையர் கப்பலையே திருப்பி அனுப்புவான். அதனால் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டுகளையும் பொறுக்கி, டேப் போட்டு நோட்டில் ஒட்டினால்தான் புது ஊசி தருவார்கள். அதை லைன் சூப்பர்வைசர் அன்றன்றைக்கே ஒட்டிவிடுவார். அந்தப் புதன்கிழமைப் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். டேப்புக்கு அடியில் மூன்று துண்டு. நுனித் துண்டு மட்டும் காய்ந்த ரத்தத்தில் பழுப்பாக இருந்தது. ஆஸ்பத்திரியில் விரலைக் கிழித்து எடுத்ததைக்கூட மறக்காமல் வாங்கிவந்து ஒட்டியிருக்கிறார்கள். எங்கள் கம்பெனியில் ஊசிக்கு இருந்த மரியாதை விரலுக்கு இல்லை. நான் எழுதின பொய்யில் எத்தனையோ உண்டு, அந்தத் துண்டைப் பார்த்தபோதுதான் எனக்கு முதல்முறையாக வெட்கம் வந்தது.

பயிற்சித் தாளில் கையெழுத்துப் போடாதவள் அந்த விரல்காரி ஒருத்திதான். விசாரித்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். பத்து வீட்டுக்கு ஒரு தண்ணீர்க் குழாய் இருக்கிற லைன் வீடு. அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. "வாங்க மேடம், இருங்க" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். அந்த விரல் நுனி மடங்காமல் தனியாக நீட்டிக்கொண்டிருந்தது. நகம் கோணலாக வளர்ந்திருந்தது.

என் வீட்டுக்காரர் நிலைமை, ஆஸ்பத்திரி ஒரே பேனாவில் எழுதின பொய், விசாரணைக்காரர் கேட்ட கடிதம் எல்லாவற்றையும் சொன்னேன். "நீங்க அன்னிக்கு என்னைத் தேடி ஆபீஸுக்கு வந்தீங்க, நான் இல்லை. கையில அடிபட்ட அன்னிக்கு மேடம் சீட்டுல இல்லைன்னு ரெண்டு வரி எழுதிக் குடுங்க, போதுமுங்க" என்றேன்.

அவள் சோற்றைக் கிளறிவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். குரலில் கோபமே இல்லை.

"அன்னைக்கு எனக்கு ஒண்ணும் ஆகலியே மேடம். நோட்டுல நீங்க அப்படித்தான எழுதிருக்கிய?"

'ரெக்கார்டுல இல்லீங்களே' என்று மேனேஜரிடம் கேட்ட அந்த வார்த்தையை முதலில் சொன்னது யார் என்று அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. அவளைத் திட்ட ஒரு காரணம் கிடைத்தால் தேவலாம் போல இருந்தது, ஒன்றும் கிடைக்கவில்லை. என்னை மன்னித்துக்கொள் என்று சொல்லவும் வாய் கூசியது, காரியம் ஆக வேண்டி வந்தவள் அதைச் சொன்னால் அதற்கு என்ன மதிப்பு?

"மொதல்ல நீங்க எழுதுங்க" என்றாள். "பொறவு நான் எழுதுதேன்."

அவள் மகளுடைய நோட்டில் ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தாள். எழுதினால் வேலை போகும் என்று தெரியும். போகத்தான் செய்தது. காப்பீடு திரும்பி வந்து, என் வீட்டுக்காரருக்கு ஆபரேஷனும் ஆனது. அவளுக்குச் சேரவேண்டிய பணம் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை, இருவரும் சேர்ந்து அலைகிறோம். அதெல்லாம் பின்னால் நடந்தவை. அன்று சாயங்காலம் ஸ்டூலை மேஜையாக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்து எழுதினேன். இந்த நாளில் இந்த மெஷினில் ஊசி உடைந்து இவருடைய விரலில் இறங்கியது. மறைப்புத் தகடு இல்லை. நான் அன்று கம்பெனியில் இல்லை. பிறகு வந்து, காயம் ஏதும் இல்லை என்று எழுதியவளும், நடந்தது தெரிந்தும் அதைத் திருத்தாதவளும் நான். தீயணைப்புப் பயிற்சியும் நடக்கவில்லை. பதினாறு வருஷத்தில் நடந்தது நடந்தபடி நான் எழுதின முதல் பக்கம் அதுதான். அடித்தல் இல்லாமல் ஒரே மூச்சில் வந்துவிட்டது.

அவள் தாளை வாங்கி, மடங்காத அந்த விரலை வரிக்கு வரி வைத்துப் படித்தாள். முடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். நிஜமான கவலையோடுதான் கேட்டாள்.

"எல்லாத்தையும் ஒரே பேனாவுல எழுதிட்டியளே மேடம். நம்புவாவளா?"